ராத்திரி மூட்டை

சூரியனுக்கு லீவு கிடையாது. மேகத்துக்கும் கிடையாது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, நூற்றிருபது வருஷங்களுக்கு மேலாக ஒரு கூட்டம் கொடைக்கானல் மலைமீது குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது.

சுற்றுலா போயிருந்தால் உங்களுக்குத் தெரியும். ஏரியில் படகு விட்டு, கோக்கர்ஸ் வாக்கில் பனிக்குள் நடந்து, ஆளுக்கு நாலு பொட்டலம் சாக்லெட் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, 'சார், அப்ஸர்வேட்டரி பாக்கறீங்களா?' என்று டாக்ஸிக்காரர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். குழந்தைகள் தூங்கிப் போயிருக்கும். 2343 மீட்டர் உயரத்தில் நிற்கிற அந்தச் சூரிய ஆய்வகம் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது. அது பாட்டுக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கும்.

அது எதற்காக அங்கே வந்தது தெரியுமா? சோற்றுக்காக.

1876-78ல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் சுருண்டு விழுந்தது. லட்சக்கணக்கில் சாவு. மழை ஏன் பொய்த்தது என்று வெள்ளைக்கார அரசாங்கம் மண்டையைப் பிய்த்துக்கொண்டபோது, விஞ்ஞானிகள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள். சூரியன் முகத்தில் கரும்புள்ளிகள் கூடுவதும் குறைவதும் ஒரு கணக்கில் நடக்கிறது. சுமார் பதினோரு வருஷச் சுற்று. இந்தியாவில் பெய்கிற மழைக்கும் அந்தப் புள்ளிகளுக்கும் ஏதாவது உறவு இருக்கலாம். தினமும் சூரியனைக் கவனித்து எழுதி வைத்தால், அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடலாம்.

மழை அத்தனை சுலபமாகக் கணக்கில் அடங்குகிற ஆசாமி இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்த நப்பாசையில்தான் 1893ல் முடிவெடுத்தார்கள். 1895ல் கவர்னர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899ல் மெட்ராஸ் நுங்கம்பாக்கத்தில் நடந்துகொண்டிருந்த வானியல் வேலை மூட்டை முடிச்சோடு மலையேறியது. 1904 முதல் கண்ணாடித் தகடுகளில் சூரியப் படங்கள் சேர ஆரம்பித்தன. 1909 ஜனவரி 5 அன்று ஜான் எவர்ஷெட் இங்கேதான், கரும்புள்ளிக்குள் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்று பேர்.

எல்லாம் சரி. மேகம் வந்தால்?

கொடைக்கானலில் மேகம் வருவதற்கு முன் அனுமதி கேட்பதில்லை. மழைக்காலத்தில் நாள் கணக்கில் சூரியன் கண்ணில் படாது. படம் எடுக்காத நாள் என்றால் பேரேட்டில் ஒரு ஓட்டை. சூரியனின் கணக்கில் நடுவே பத்து நாள் காணோம் என்றால் மொத்தக் கணக்கும் நொண்டும்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாரீஸ் பக்கத்தில் மூடோனில் ஓர் ஆய்வகம். கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சனில் இன்னொன்று. அவர்களும் இதே சூரியனைத்தான் படம் எடுக்கிறார்கள். கொடைக்கானலில் மேகமாக இருக்கிற அன்றைக்கு அங்கே பளிச்சென்று இருக்கலாம். உன்னிடம் இல்லாத நாள் என்னிடம், என்னிடம் இல்லாத நாள் உன்னிடம். மாற்றிக்கொள்வோமா?

மாற்றிக்கொண்டார்கள். ஆனால் படத்துக்கு ஒரு தபால் என்றால் கட்டுப்படி ஆகுமா? சேர்த்து வைக்க வேண்டும். கட்டாகக் கட்ட வேண்டும். எது எந்தத் தேதி, எத்தனை மணி என்று ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும். அப்புறம் அனுப்ப வேண்டும். முதல் உலகப்போர்க் காலத்தில் வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் ரோடு வரும்வரைக்கும், மலைமேல் ஏறுவதும் இறங்குவதும் பெரியகுளம் பக்கத்து ஒற்றையடிப் பாதையில், ஆள் தலைச்சுமையாகவும் மட்டக்குதிரை முதுகிலும்தான். தபாலுக்கும் அதே கதிதான். பிறகு ரயில். பிறகு கப்பல். பிறகு பதில் கட்டு வரும்வரை காத்திருப்பு.

சேர்த்து வை. கட்டு. பேர் எழுது. வழி கிடைக்கிறபோது அனுப்பு. இந்த நாலு வேலையைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாம் பேசப்போவது சூரியனைப் பற்றி இல்லை. இதே நாலு வேலையைக் கம்ப்யூட்டர்கள் செய்த கதை. இன்டர்நெட் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய கதை. இந்தியா வெளியுலகத்தோடு பேச ஆரம்பித்ததே இப்படி மூட்டை கட்டித்தான் என்கிற கதை.

1979. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம். டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்று இரண்டு மாணவர்கள். பக்கத்து ஊரான சேப்பல் ஹில்லில், இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் பெலோவின் என்று மூன்றாவது ஆள்.

அப்போது அமெரிக்காவில் அர்ப்பாநெட் என்று ஒரு வலைப்பின்னல் இருந்தது. இன்றைய இன்டர்நெட்டின் தாத்தா. ராணுவப் பணத்தில் நடந்தது. பெரிய இடத்துச் சமாசாரம். எல்லாரையும் உள்ளே விட மாட்டார்கள். டியூக்கையும் விடவில்லை.

இவர்களிடம் என்ன இருந்தது? யூனிக்ஸ் ஓடுகிற கம்ப்யூட்டர். ஒரு டெலிபோன் லைன். அப்புறம் யூ.யூ.சி.பி. என்று ஒரு மென்பொருள். பெல் ஆய்வுக்கூடத்தில் மைக் லெஸ்க் எழுதி, யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. ஒரு யூனிக்ஸ் இன்னொரு யூனிக்ஸுக்கு போன் போட்டு, ஃபைலைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

இதை வைத்து ஊர் அரட்டைக்கு ஒரு திண்ணை கட்டினால் என்ன? ஒருவர் ஒரு விஷயம் எழுதுவார். அவருடைய கம்ப்யூட்டர் அதைப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். அது தனக்குப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுக்கும். கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போய்ச் சேரும். தலைப்புவாரியாகப் பிரித்துவைத்தால் வேண்டியவர் வேண்டியதைப் படிக்கலாம். இதற்குத்தான் யூஸ்நெட் என்று பேர். ஒவ்வொரு தலைப்பும் ஒரு நியூஸ்குரூப். செய்திக்குழு. எழுதப்படுகிற ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை. ரெண்டு வரி வசவாக இருந்தாலும் கட்டுரைதான்.

ஆரம்பித்தவர்கள் போட்ட மதிப்பீடு என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கட்டுரை வரும் என்று.

மனிதனுக்குப் பேசக் கிடைத்தால் விடுவானா? சில வருஷங்களில் அது நூறாகி, ஆயிரமாகிவிட்டது. மென்பொருள் திணறியது. முதலில் ஏ நியூஸ். பிறகு பெர்க்லியில் எழுதிய பி நியூஸ். அப்புறம் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் எழுதிய சி நியூஸ். பேர் வைப்பதில் மெனக்கெடவில்லை. மெனக்கெட்டதெல்லாம் சுமையை எப்படிச் சுமப்பது என்பதில்.

பி.காம் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு சௌகரியம். கம்ப்யூட்டர் புரியாவிட்டாலும் சரக்குக் கூலி புரியும். வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம்.

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு 300 கட்டுரை போக வேண்டும். சராசரியாக ஆளுக்கு 3000 எழுத்து. ஆக 9 லட்சம் எழுத்து. மோடம் வேகம் 1200. அதாவது ஒரு நொடிக்கு சுமார் 120 எழுத்து. வகுத்துப் பாருங்கள். 7500 நொடி. 2 மணி 5 நிமிஷம் போன் லைன் திறந்தே இருக்க வேண்டும். அதுவும் வெளியூர்க் கால்.

இது வெறும் எழுத்துக் கணக்கு. ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனியாக அனுப்பினால், கட்டுரைக்கு இரண்டு ஃபைல் போகும். ஒன்று சரக்கு. இன்னொன்று, 'இந்தச் சரக்கை என்ன செய்யவேண்டும்' என்கிற சீட்டு. 300 கட்டுரைக்கு 600 ஃபைல். ஒவ்வொன்றுக்கும் 'அனுப்பட்டுமா?', 'அனுப்பு', 'வந்ததா?', 'வந்தது' என்று ஒரு குசலம். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது குசலம்!

எனவே மூட்டை.

பகல் முழுக்க வந்து சேரும் கட்டுரைகளைக் கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். பக்கத்து ஊர்க் கம்ப்யூட்டருக்கு எதையெல்லாம் அனுப்ப வேண்டும் என்று ஒரு பட்டியலில் வரிசையாக எழுதி வரும். ராத்திரியானதும் 'சென்ட்பேட்ச்' என்று ஒரு கட்டளை. கறுப்புத் திரையில் கையாலும் அடிக்கலாம், இந்த மணிக்குத் தானாக ஓடு என்று எழுதியும் வைத்துவிடலாம். அது பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு கட்டுரையாக எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே ஒரு வரி. 'ஆர்நியூஸ்' என்று ஒரு சொல், பக்கத்தில் ஓர் எண். இதற்குக் கீழே இத்தனை எழுத்து இந்தக் கட்டுரைக்குச் சொந்தம் என்று அர்த்தம். லாரி ஷெட்டில் மூட்டைமேல் மையால் எழுதுவார்களே, அந்த மாதிரி.

அந்த எண்தான் உயிர். வாங்குகிற கம்ப்யூட்டர் கட்டுரையைப் படித்துப் பார்த்துப் பிரிப்பதில்லை. அதற்குப் படிக்கவும் தெரியாது. எண்ணிப் பிரிக்கிறது. 2871 என்று போட்டிருந்தால் 2871 எழுத்தை எண்ணி வெட்டி எடுத்துவிட்டு, அடுத்த வரி தலைப்புச் சீட்டா என்று பார்க்கும். எண்ணில் ஒன்று பிசகினால் அடுத்த கட்டுரையின் தலை இதன் வாலில் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கப்புறம் வருகிறதெல்லாம் கந்தல்.

கோத்ததை அடுத்து அமுக்குவார்கள். பஞ்சுப் பொதியை அழுத்திக் கட்டுகிற மாதிரி, 'கம்ப்ரெஸ்' என்கிற கட்டளை எழுத்துகளை அழுத்தி ஏறக்குறைய பாதியாக்கிவிடும். நம் 2 மணி 5 நிமிஷம் இப்போது 1 மணி 3 நிமிஷம் ஆகிவிட்டது. கால் கட்டணத்தில் பாதி மிச்சம்.

அப்படியானால் 300 கட்டுரையையும் ஒரே பெரிய மூட்டையாகக் கட்டிவிடலாமே?

ம்ஹும். அங்கேதான் சூட்சுமம். லைன் நடுவில் அறுந்தால், பாதி போன ஃபைலை மறுபடி முதலிலிருந்துதான் அனுப்ப வேண்டும். ஒரே மூட்டையாகக் கட்டி ஐம்பதாவது நிமிஷத்தில் லைன் போச்சு என்றால் ஐம்பது நிமிஷக் காசும் போச்சு. அதனால் ஒரு மூட்டைக்கு சுமார் லட்சம் எழுத்து என்று வைத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். நம் கணக்கில் ஒன்பது மூட்டை. அமுக்கியபின் மூட்டைக்கு ஏழு நிமிஷம். எந்த இடத்தில் அறுந்தாலும் நஷ்டம் ஏழு நிமிஷத்தைத் தாண்டாது. 600 ஃபைல் 18 ஆகக் குறைந்துவிட்டது. ரொம்பச் சின்ன மூட்டையென்றால் குசலத்துக்கே நேரம் போகும். ரொம்பப் பெரிய மூட்டையென்றால் விபத்து நடந்தால் மொத்தமும் போகும். எந்த மளிகைக் கடை அண்ணாச்சியும் இந்தத் தர்க்கத்தை ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார்.

கட்டி வைத்தாயிற்று. இனி அனுப்புகிறவர் 'யூயூசிகோ' என்று ஒரு ஆசாமி. ராத்திரி இவர் எழுந்து எதிர் ஊருக்கு டயல் செய்வார். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் 'லாகின்' என்று கேட்கும். அந்தச் சொல் வருகிறதா என்று காத்திருந்து, வந்ததும் பேரையும் பாஸ்வேர்டையும் சொல்லவேண்டும். எந்தச் சொல்லுக்குக் காத்திருப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். எழுதும்போது 'லாகின்' என்பதில் முதல் ஆங்கில எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் எழுதுவார்கள். ஏன்? சில கம்ப்யூட்டர் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடும், சிலது சின்னதாகப் போடும். லைன் இரைச்சலில் முதல் எழுத்து அடிபட்டும் போகும். மிச்சம் வந்தால் போதும், ஆள் சரியான ஆள்தான். அனுபவம் என்பது இதுதான்.

பிறகு 64 எழுத்து 64 எழுத்தாக நறுக்கி அனுப்புவார். ஒவ்வொரு நறுக்கும் சேதமில்லாமல் வந்ததா என்று ஒரு கூட்டல் கணக்கு வைத்துச் சரிபார்ப்பார்கள். வராததை மறுபடி அனுப்புவார்கள். அந்தப் பக்கம் மூட்டையைப் பிரித்ததும் ஒவ்வொரு கட்டுரையின் அடையாள எண்ணையும் பேரேட்டில் தேடுவார்கள். ஏற்கெனவே வேறு வழியாக வந்துவிட்டிருந்தால் தூக்கி எறி. புதுசு என்றால் உள்ளே வை, அடுத்த ஊருக்கான பட்டியலில் சேர். கட்டுரை எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்பது அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கும். அந்த ஊர்களுக்குத் திருப்பி அனுப்பாதே. தீர்ந்தது விஷயம்.

இதை எதற்கு இத்தனை விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், இதில் எங்கேயும் பெரிய பணம் இல்லை. ராணுவம் இல்லை. தலைமை அலுவலகம் இல்லை. நடத்துகிறவர் என்று ஒரு முதலாளி இல்லை. பக்கத்துக்காரன் பக்கத்துக்காரனுக்கு ராத்திரி போன் போட்டுக் கொடுத்தே உலகம் முழுக்கச் செய்தி போனது.

ஆனால் போன் பில்?

அதுதானே கேள்வி. உள்ளூர்க் கால் என்றால் பரவாயில்லை. கண்டம் தாண்டினால்? பெல் ஆய்வுக்கூடம், டிஜிட்டல் எக்விப்மென்ட் மாதிரிப் பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள்தான் நெடுந்தூர மூட்டைகளைச் சுமந்தன. பில் கம்பெனிக் கணக்கில். ஐரோப்பாக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. கடல் தாண்டி வருகிற ஒவ்வொரு எழுத்துக்கும் காசு கொடுத்துக்கொண்டிருந்த அவர்கள், ஒரு கட்டத்தில் வீண் சண்டைக்கெல்லாம் நாங்கள் ஏன் கூலி கொடுக்கவேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1986-87ல் எல்லாச் செய்திக்குழுக்களுக்கும் மொத்தமாகப் புதுப் பெயர் வைத்ததற்கு இது முக்கியமான ஒரு காரணம். கம்ப்யூட்டருக்கு 'காம்ப்'. விஞ்ஞானத்துக்கு 'சை'. சமூகம், கலாசாரத்துக்கு 'சாக்'. தீராத வாக்குவாதத்துக்கெல்லாம் 'டாக்'. இப்படிப் பிரித்துவிட்டால், காசு கொடுக்கிறவன் 'டாக்' மூட்டை எனக்கு வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

கவனியுங்கள். யாரும் யார் வாயையும் பொத்தவில்லை. தடைச் சட்டம் போடவில்லை. எதைச் சுமப்பது, எதைச் சுமக்காமல் விடுவது என்பதைக் கூலி கொடுக்கிறவன் தீர்மானித்தான். இந்த விதி அதற்கு முன்னும் இருந்தது. பின்னும் இருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

1986ல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா.வின் வளர்ச்சித் திட்ட உதவியோடு எர்நெட் என்று ஒரு கல்வி, ஆய்வு வலைப்பின்னலைத் தொடங்கியது. எட்டு இடங்கள். பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை, பம்பாய், டெல்லி, கான்பூர், கரக்பூர் என்று ஐந்து ஐ.ஐ.டி.க்கள், டெல்லியில் மின்னணுத் துறை அலுவலகம். பம்பாய் மையத்தை நடத்திக்கொண்டிருந்தவர் சீனிவாசன் ரமணி. 2014ல் இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

எட்டு இடத்துக்கும் தங்கக் கம்பி இழுத்தா தொடங்கினார்கள்? டெலிபோன், மோடம், யூ.யூ.சி.பி. அமெரிக்க மாணவர்கள் செய்த அதே ஏற்பாடு. 1986-87 வாக்கில் முதலில் பம்பாய் மையமும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் இப்படி டயல் செய்து மின்னஞ்சல் மாற்றிக்கொண்டன. ஒரே ஊர், ஆகவே உள்ளூர்க் கால். பிறகு டெல்லி, சென்னை என்று நீண்டது.

அந்தக் காலத்து டெலிபோன் உங்களுக்கு நினைவிருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எஸ்.டி.டி.க்குக் கால் கட்டணம் என்பதால் மஞ்சள் போர்டு பூத் வாசலில் ஊரே க்யூவில் நிற்கும். லைன் கிடைத்தால் இரைச்சல், இரைச்சல் குறைந்தால் கிராஸ் டாக். அந்த லைனில் கம்ப்யூட்டர் பேசவேண்டும் என்றால் என்ன கதி? இங்கேதான் மூட்டைத் தத்துவம் கைகொடுத்தது. அறுந்தால் மறுபடி டயல் செய். பாதியில் நின்ற மூட்டையை மட்டும் மறுபடி அனுப்பு. அடுத்தவன் இப்போதே விழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எட்டு மணி நேரம் தாமதமானாலும் சரக்கு சேதமில்லாமல் போய்ச் சேரும். மோசமான ரோட்டுக்கு என்றே செய்த வண்டி அது.

1989ல் பம்பாயிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த யூயூநெட்டுக்கு ஒரு தனி லைன் வாடகைக்கு எடுத்தார்கள். யூயூநெட் என்பது, பெரிய கம்பெனிகளின் தயவில் எத்தனை நாள் ஓட்டுவது என்று 1987ல் ரிக் ஆடம்ஸ் தொடங்கிய மூட்டை ஏற்றுமதி நிறுவனம். லைனின் வேகம் 9600. நொடிக்குச் சுமார் 1200 எழுத்து. நிறுத்தாமல் ஓடினாலும் நாள் முழுதுக்கும் நூறு மெகாபைட்டைச் சற்றுத் தாண்டும். இன்று கல்யாண வீட்டில் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்புகிற நாலு வீடியோ. இந்தியாவின் ஆய்வு உலகம், அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே எட்டிப் பார்த்தது. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான்.

இதே காலத்தில் வெளிநாட்டுத் தமிழர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? புதுப் பெயர் சூட்டியபோது வந்த 'சாக்' கிளையில், கலாசாரம் என்கிற உட்கிளையில், தமிழுக்கும் ஒரு செய்திக்குழு முளைத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கப்போன மதுரைப் பையனும், 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு வந்து கனடாவிலோ ஐரோப்பாவிலோ ஒண்டிக்கொண்ட யாழ்ப்பாணத்துக்காரரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தார்கள். சினிமா, சமையல், அரசியல், இலக்கணம், ஈழம். எல்லாவற்றிலும் சண்டை.

ஆனால் தமிழில் சண்டை போட முடியாது. வண்டியின் அமைப்பு அப்படி. ஓர் எழுத்துக்கு ஏழு பிட். மொத்தம் 128 இடம். ஆங்கில எழுத்து, எண், குறிகள் எல்லாம் உட்கார்ந்ததும் இடம் தீர்ந்தது. நம்முடையதோ 247. ஆகவே 'அம்மா' என்று எழுத ஆங்கில எழுத்துகளைக் கோத்தார்கள். நெடிலுக்குப் பெரிய எழுத்து, குறிலுக்குச் சின்ன எழுத்து, ழகரத்துக்கு ஒரு சமரசம் என்று ஆளுக்கொரு ஏற்பாடு. இரண்டாயிரம் வருஷத்து மொழி, அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு மூட்டைக்குள் ஏறியது. சிரிப்பதா அழுவதா? ரெண்டும் வேண்டாம். ஏறியதே, அதைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து எப்படி அமையவேண்டும் என்று அடுத்த பத்து வருஷம் தமிழர்கள் முட்டி மோதியதற்கு, இந்த இரவல் சட்டையின் அரிப்பும் ஒரு காரணம்.

சரி, அந்தச் சண்டையெல்லாம் இப்போது எங்கே?

இங்கேதான் கதையில் கொஞ்சம் சோகம். மூட்டை போய்ச் சேருவதற்குத்தான் இத்தனை ஏற்பாடு. போய்ச் சேர்ந்ததைக் காப்பாற்ற யாருக்கும் உத்தரவில்லை. டிஸ்க் விலை அதிகம். அடுத்த ராத்திரி அடுத்த மூட்டை வந்துவிடும். எனவே ஒன்றிரண்டு வாரம் ஆன கட்டுரைகளை அழித்துவிடு என்று இன்னொரு கட்டளை தானாக ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் ஊரில் இல்லை, எல்லா ஊரிலும். உலகம் முழுக்கப் பிரதி எடுத்துப் பரப்பிய விஷயம், உலகம் முழுக்க ஒரே மாதத்தில் காணாமல் போகும்.

முழுக்கப் போகாததற்குக் காரணம், டொரண்டோ பல்கலைக்கழகத்து விலங்கியல் துறையில் இருந்த ஹென்றி ஸ்பென்சர். சி நியூஸை எழுதிய இருவரில் ஒருவர். விலங்கியல் துறைக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. இருந்தும் 1981லிருந்து 1991வரை வந்ததைக் காந்த நாடாவில் ஏற்றி ஏற்றி எடுத்துவைத்தார். 141 நாடா. சுமார் 20 லட்சம் கட்டுரை. 2001ல் கூகுள் பழைய செய்திக்குழுக்களின் இருபது வருஷச் சேமிப்பை வெளியிட்டபோது, முதல் பத்து வருஷத்துக்கு முதுகெலும்பு இவருடைய நாடாக்கள்தான். அதற்கடுத்த சில வருஷங்களை, யார் யாரோ வைத்திருந்த சிடிக்களையும் சேமிப்புகளையும் வாங்கி ஒட்டுப்போட்டார்கள். ஒட்டுப்போட்டதில் ஓட்டை இல்லாமல் இருக்குமா? தமிழர்கள் முதல்முதலாகக் கம்ப்யூட்டரில் கூடிப் பேசியது அந்த வருஷங்களில்தான்.

2010 மே மாதம் டியூக் பல்கலைக்கழகம் தன் யூஸ்நெட் கம்ப்யூட்டரை நிறுத்தியது. பிறந்த வீட்டிலேயே விளக்கு அணைந்தது. 2024 பிப்ரவரியில் கூகுளும், இனிப் புதுக் கட்டுரைகள் எங்கள் வழியாகப் போகாது, வராது, பழையதைப் பார்க்கலாம் என்று ஒதுங்கிக்கொண்டது.

இப்போது மலைக்குத் திரும்பிப் பாருங்கள். அதே நாலு வேலையைச் செய்தவர்கள்தான் அங்கேயும். சேர்த்து வை, கட்டு, பேர் எழுது, அனுப்பு. ஆனால் கொடைக்கானல்காரர்கள் ஐந்தாவதாக ஒன்றையும் செய்தார்கள். அசலை வைத்துக்கொண்டார்கள். 1904ல் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேலான தகடுகளும் ஃபிலிம்களும், தேதியோடு. இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றைக் கம்ப்யூட்டர் படங்களாக மாற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறது. பஞ்சத்துக்குப் பயந்து எடுத்த படங்கள். மழைக்கு ஜோசியம் சொல்ல உதவவில்லை. சூரியனின் நூறு வருஷ நடத்தையைத் தெரிந்துகொள்ள இன்று எந்த நாட்டு விஞ்ஞானிக்கும் அவை வேண்டும். எது எப்போது எதற்கு உதவும் என்று அனுப்புகிறவனுக்குத் தெரியாது. வைத்திருந்தவனுக்கும் தெரியாது. வைத்திருந்தான், அவ்வளவுதான்.

மூட்டை கட்டுகிற வித்தையும் சாகவில்லை. 2000களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தொட்டபள்ளாபூர் பகுதியில் டாக்நெட் என்று ஒரு சோதனை நடந்தது. கிராமத்துக் கம்ப்யூட்டரில் நில ஆவண விண்ணப்பங்கள் சேர்ந்திருக்கும். வைஃபை பெட்டியோடு வருகிற பஸ், நிற்கிற நேரத்தில் அள்ளிக்கொண்டு போய் டவுனில் இறக்கும். யூ.யூ.சி.பி.க்கு டெலிபோன், இதற்கு பஸ். விண்வெளி ஆராய்ச்சிக்காரர்களும் நீண்ட தூரத்துக்கென்று இதே மாதிரி, சேர்த்துவைத்து வழி கிடைத்ததும் அனுப்புகிற ஒரு விதிமுறை வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேரே மூட்டை விதிமுறை.

2023 செப்டம்பர் 2ல் இஸ்ரோ ஆதித்யா எல்-1ஐ அனுப்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் பிரதானக் கருவியைச் செய்து கொடுத்தது, கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்துகிற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். ஒரு நாளைக்கு 1440 படம் வரை எடுக்கலாம் என்று திட்டம். எடுத்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பெங்களூர் அருகே பியாலாலுவில் இருக்கிற பெரிய ஆன்டெனாவின் பார்வை கிடைக்கிற நேரத்தில் அனுப்பிவைக்கும்.

அங்கே மேகம் கிடையாது. ஆனாலும் மூட்டைதான்.